நாலு ஏக்கர் கொல்லையும் நாற்பது வருடக் கையெழுத்தும்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒடுகத்தூர் பக்கம் அப்பா பெயரில் நாலு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்து, கன்று இலவசம், குழி வெட்டக் காசு, மரம் வளர வளர கார்பன் கிரெடிட் பணம் என்று சொல்லி, நாற்பது வருட ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா என்பது ஒரு கேள்வி. ஊருக்கு மேலே நிற்கும் ஜவ்வாது மலைக் காட்டை நாங்கள்தான் காலங்காலமாகப் பார்த்துக்கொள்கிறோம், அதற்கும் இந்தப் பணம் வருமா என்பது இன்னொன்று.

நான் வனத்துறையில் வனவராக ஆலங்காயம், ஒடுகத்தூர் பக்கமெல்லாம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு சில வருடம் கார்பன் திட்டங்களுக்கு மரம் அளக்கும் குழுவோடு டேப்பும் கையுமாக அலைந்திருக்கிறேன். இந்தத் தொழிலைத் திட்டவும் மாட்டேன், தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். கணக்கை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன், முடிவை உங்கள் அப்பா எடுக்கட்டும்.

ஒரு கிரெடிட் என்பது, காற்றில் சேராமல் மரத்தில் பிடித்து வைத்த ஒரு டன் கரியமில வாயுவுக்கான சான்று. அது மரத்தில் எங்கே இருக்கிறது? நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றிப் பிடித்தால் 60 சென்டிமீட்டர் வரும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 10 மீட்டர். நடுத்தரக் கனமுள்ள கட்டையானால் தண்டு, கிளை எல்லாம் சேர்ந்து காய்ந்த எடை சுமார் 120 கிலோ தேறும். வேரையும் சேர்த்தால் 150. அதில் ஏறக்குறைய பாதி, 47 சதவீதம், கரி, அதாவது கார்பன். ஆக 70 கிலோ. கரியை வாயுவாக மாற்றிச் சொல்ல 44ஐ 12ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும், 3.67 மடங்கு. வருவது 260 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட மரம் நாலு சேர்ந்தால் ஒரு கிரெடிட்.

நம் பக்கத்துக் கொல்லையில், கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சாமல், 60 சென்டிமீட்டர் சுற்றளவு வர எத்தனை வருடம் ஆகும்? மழையைப் பொறுத்தது. பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம், அதுவே கொஞ்சம் தாராளம். ஏக்கருக்கு 200 மரம் பிழைத்து நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆடு வாய் வைத்தது, கரையான் தின்றது, இரண்டு கோடையில் காய்ந்தது எல்லாம் போக 200 நின்றால் அது நல்ல கை. நாலு ஏக்கருக்கு 800 மரம், 200 கிரெடிட். தீயிலோ வறட்சியிலோ மரம் போனால் ஈடுகட்டவென்று விற்காமல் வைக்கும் பொதுச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தால் மீதி 160. கிரெடிட் 10 டாலருக்குப் போனால், டாலர் 85 ரூபாய் என்று பிடித்தால், 1,36,000 ரூபாய். அதில் உங்களுக்குப் பாதி என்றால் 68,000. பதினைந்து வருடத்துக்கு, நாலு ஏக்கருக்கு. வருடத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 1,130 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலையில் 2024-25இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். நாலு நாள் கூலிக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் விலையையும் பங்கையும் நானே போட்டேன். அவர்கள் கொடுத்த தாளில் இருக்கும் எண்களை அந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். விலை இரண்டு மடங்கு ஆனாலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டு ஒரு நல்ல வருடத்தில் கிடைப்பதற்குப் பக்கத்தில் வராது. அதனால் திட்டமே மோசம் என்று சொல்லவில்லை. மல்லாட்டை எல்லா வருடமும் நல்ல வருடமாக இருப்பதில்லை, கூலி ஆள் கிடைப்பதில்லை, காட்டுப்பன்றி வேறு. பயிர் வைக்காமல் சும்மா கிடக்கும் கொல்லையானால் இலவசக் கன்றும் குழிக்காசும் லாபம்தான். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு கன்றிலும் காய், கட்டையிலும்தான் இருக்கிறது, கிரெடிட்டில் இல்லை. வந்தவர்கள் பேச்சில் இந்த அளவு தலைகீழாக இருந்திருக்கும்.

இதை ஏன் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் விலை ஏன் ஆடுகிறது என்பதும் புரியும். வாங்குபவை பெரும்பாலும் வெளிநாட்டு விமான நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள், எண்ணெய் நிறுவனங்கள். தாங்கள் விடும் புகைக்கு ஈடாக வேறெங்கோ புகை குறைந்ததாகக் காட்ட வாங்குகிறார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அதனால்தான் தன்னார்வச் சந்தை என்று பெயர். 1997 கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த அரசுச் சந்தை காட்டைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. புதிதாக நடுவதை மட்டும் ஏற்றது, மரக் கிரெடிட்டுக்குக் காலாவதி வைத்தது. நிற்கும் காட்டைக் காப்பாற்றியதற்குக் கிரெடிட் என்பது வளர்ந்தது தன்னார்வச் சந்தையில். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு, பிளான் விவோ என்று தரச்சான்று தரும் அமைப்புகள் விதி எழுதுகின்றன, அவற்றின் பதிவேட்டில் கிரெடிட் பிறந்து, விற்று, கடைசியில் மறுபடி விற்க முடியாதபடி கழிக்கப்படுகிறது. 2021இல் இந்தச் சந்தையில் சுமார் 200 கோடி டாலர் புரண்டது. 2023இல் அது 72 கோடி டாலருக்குச் சரிந்தது. கட்டாயம் இல்லாமல் வாங்குபவனுக்கு மனம் மாற ஒரு செய்தி போதும்.

அந்தச் செய்தி எது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது.

காட்டுக் கிரெடிட் ஒரு கழித்தல் கணக்கு. இப்போது நிற்கும் காட்டிலிருந்து, திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு நின்றிருக்குமோ அதைக் கழிக்க வேண்டும். முதல் எண்ணை டேப்பால் அளக்கலாம், செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். இரண்டாவது எண் நடக்காத ஒன்று, அதை யாரும் அளக்க முடியாது, எழுதத்தான் முடியும். எழுதுகிற கை விற்கிற கையாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஆறு நாடுகளில் 26 காடு காப்புத் திட்டங்களை எடுத்து, அதேபோன்ற பக்கத்துக் காடுகளோடு ஒப்பிட்டது. அவற்றில் 18 திட்டங்கள் 2020 வரை 8.9 கோடி கிரெடிட் வரும் என்று கணக்குக் காட்டியிருந்தன. உண்மையில் காடழிப்புக் குறைந்ததற்கு ஈடானது 54 லட்சம்தான், நூற்றுக்கு ஆறு. அதே வருடம் ஜிம்பாப்வேயின் கரிபா காடு காப்புத் திட்டத்திலிருந்து, அதன் கிரெடிட்டை விற்றுக்கொண்டிருந்த சவுத் போல் நிறுவனமே விலகிக்கொண்டது.

இதை நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டைதான் உயிர். மலையடிவாரத்திலும் தரிசிலும் ஆவாரையை வெட்டி, பட்டையை உரித்து, வண்டி வண்டியாக இறக்குவார்கள். மலைமேலிருந்து கடுக்காய் வரும். பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. 1970களுக்குப் பிறகு குரோம் உப்பில் பதனிடுவது பரவியது, ஆவாரம்பட்டைக்குக் கிராக்கி விழுந்தது, ஆவாரை தானாகத் தழைத்தது. (குரோம் பாலாற்றுக்குச் செய்தது தனிக் கதை, அதை இங்கே ஆரம்பித்தால் முடியாது.) பட்டை உரிப்பு உச்சத்தில் இருந்தபோது ஒரு கார்பன் நிறுவனம் வந்து, இதே வேகத்தில் இன்னும் முப்பது வருடம் உரிப்பார்கள், நாங்கள் காவல் போட்டுத் தடுக்கிறோம் என்று எழுதியிருந்தால்? குரோம் உப்பு செய்த வேலைக்கு அவர்கள் கிரெடிட் விற்றிருப்பார்கள். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கடந்த காலத்தை நேர்கோடாக இழுத்திருந்தாலே போதும்.

ஜவ்வாது மலைக்கு வருவோம். நீங்கள் சொல்லும் காடு ஒதுக்கப்பட்ட வனம், 1882ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச்சட்டத்தின் கீழ் அரசுக்குச் சொந்தம். அங்கே மரம் வெட்டுவது ஏற்கெனவே குற்றம், காவலுக்கு ஏற்கெனவே சம்பளம் போகிறது. காடு இல்லாமல் போயிருக்கும், எங்கள் பணத்தால்தான் நிற்கிறது என்று அங்கே எழுத முடியாது. எழுதினாலும் நாணயமான தணிக்கையாளர் ஒப்ப மாட்டார். கிராம வனக்குழு இருக்கிறதே என்பீர்கள். 1997இல் ஜப்பான் கடனில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் நானும் குழுக்கள் கூட்டியிருக்கிறேன். தடுப்பணை கட்டினோம், கன்று நட்டோம், ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகு சுமப்பவர்களுக்கும் மாற்றுத் தொழிலுக்குச் சுழல்நிதி கொடுத்தோம். அதில் நல்லது நடந்த ஊர்கள் உண்டு. பணம் நின்றதும் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்த குழுக்களும் உண்டு. எப்படியிருந்தாலும் குழுவுக்கு விளைபொருளில் பங்கு உண்டே தவிர நிலம் சொந்தமில்லை. நிலத்திலோ அதன் கார்பனிலோ சட்டப்படி உரிமை இல்லாதவர் கிரெடிட் விற்க முடியாது.

மேகாலயாவில் காசி மலைக்காரர்கள் செய்கிறார்களே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். செய்கிறார்கள், பிளான் விவோ சான்றோடு, மாஃப்லாங் பக்கத்தில், சுமார் 27,000 ஹெக்டேரில். அங்கே காடு பெரும்பாலும் ஊருக்கும் குலத்துக்கும் சொந்தம், அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணை அவர்கள் வழக்கத்தை மதிக்கிறது. நம் மலையில் அதற்குப் பக்கத்தில் வருவது 2006 வன உரிமைச் சட்டம் மட்டும்தான். ஊர்ச் சமூகத்துக்குத் தன் வழக்கமான காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை தருகிறது, தேன், கடுக்காய், புளி போன்ற சிறு வனப்பொருளைச் சொந்தமாக்குகிறது. கார்பன் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் ஊர்களில் யாராவது கார்பன் ஒப்பந்தத்தை நீட்டினால், முதலில் சமூக வன உரிமைப் பட்டா இருக்கிறதா, கிராம சபை கூடித் தீர்மானம் போட்டதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

கசிவு என்று ஒன்றும் உண்டு. ஓரிடத்தில் தடுத்ததை இன்னோரிடத்தில் செய்வது. சந்தனம் திருடியவர்களைக் கேட்டால் அழகாகச் சொல்வார்கள். ஒரு சரகத்தில் ரோந்தை இறுக்கினால் அடுத்த மாதம் பக்கத்துச் சரகத்தில் அடிமரம் கிடக்கும். பிடிபட்ட கட்டையெல்லாம் திருப்பத்தூர் சந்தனக் கிடங்குக்குப் போகும், அதை வைத்து எங்கள் சரகத்தில் திருட்டு நின்றுவிட்டது என்று அறிக்கை எழுதலாம், மலை முழுக்கப் பார்த்தால் குறைந்திருக்காது. உங்கள் கொல்லைக்கும் இது பொருந்தும். அங்கே மேய்ந்துகொண்டிருந்த இருபது ஆட்டை வேலி போட்டு வெளியே விட்டால் அது பட்டினி கிடக்காது, மலையேறும்.

தீ அடுத்தது. மாசி தொடங்கினால் ஜவ்வாது மலையில் எங்காவது எரியாத வாரம் இருக்காது. புதுப்புல் வரட்டும் என்று கொளுத்துவது, பீடித் துண்டு, இரண்டும்தான் பெரும்பாலும். தீத்தடுப்புக் கோடு வெட்டினாலும் காற்று அடித்தால் தாண்டும். மரம் எரிந்தால் விற்ற கிரெடிட்டும் வாயுவாகப் போய்விடும், வாங்கினவன் விட்ட புகை மட்டும் அப்படியே இருக்கும். அதற்குத்தான் முன்னே சொன்ன பொதுச் சேமிப்பு. 2021இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பூட்லெக் காட்டுத்தீ, கிரெடிட் விற்ற காட்டையே எரித்தது. சேமிப்பு போதுமா என்ற சந்தேகம் அன்றிலிருந்து வலுத்திருக்கிறது. உங்களுக்கு முக்கியமான கேள்வி வேறு: கொல்லை எரிந்தால் நட்டம் சேமிப்பில் கழியுமா, உங்கள் தலையில் விழுமா? தாளில் அது தெளிவாக இருக்க வேண்டும்.

இனி அந்தத் தாள். தமிழ்ப் பிரதி இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பங்கு எதில் என்று பாருங்கள். விற்ற மொத்தப் பணத்தில் பாதி என்பதும், செலவு போக மிஞ்சியதில் பாதி என்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பதிவுக் கட்டணம், தணிக்கை, அளவை, அலுவலகம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யமாகவும் இருக்கலாம், அதற்குச் சட்டப்படி யாரையும் கேட்க முடியாது. என்ன விலைக்கு விற்றார்கள் என்று உங்களுக்குக் கணக்குக் காட்டும் கடமை இருக்கிறதா? பணம் எப்போது என்றும் கேளுங்கள். முதல் தணிக்கை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குப் பிறகுதான், சின்ன மரத்தில் அப்போது கரி அதிகம் இருக்காது.

வெட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது? மகளுக்குக் கல்யாணம் வந்தால் பத்துத் தேக்கு வெட்டலாமா? விதியே சில திட்டங்களில் வெட்டலாம் என்கிறது, ஆனால் வெட்டி நடும் தோப்பில் உச்ச அளவுக்குக் கிரெடிட் தராமல், நீண்டகாலச் சராசரிக்குத்தான் தருவார்கள். ஆகவே கிரெடிட்டும் முழுசாக, கட்டையும் முழுசாக என்று வாயால் சொல்பவர் இரண்டில் ஒன்றைப் பற்றிப் பொய் சொல்கிறார். சந்தனம், செம்மரம் நட்டால் வெட்ட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

நாற்பது வருடம். உங்கள் அப்பாவுக்கு அறுபது வயது என்று வையுங்கள். இந்தத் தாள் உங்களையும் உங்கள் தம்பியையும் உங்கள் பிள்ளைகளையும் கட்டும். பாகம் பிரிக்கும்போது என்ன ஆகும், கொல்லையை விற்றால் வாங்குபவர் மரத்தைக் காக்க வேண்டுமா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், வழக்கு வந்தால் வேலூர் நீதிமன்றமா டெல்லி நடுவர் மன்றமா? ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், அப்புறம் வங்கியில் அடமானக் கடன் கேட்டால் கையைப் பிசைவார்கள். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்கவே கூடாது. பட்டா, சிட்டா நகல் போதும், மூலப்பத்திரம் யாருக்கும் தேவையில்லை. அந்த நிறுவனம் சொல்லும் திட்டத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, சான்று அமைப்பின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் இல்லை, இனிமேல்தான் பதிவோம் என்றால், முதலில் உங்கள் கையெழுத்தைச் சேர்த்துக் கொண்டுபோய் முதலீட்டாளரைத் தேடப் போகிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை. ஆனால் அந்த வருடங்களில் உங்கள் கொல்லை கட்டுண்டு கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொல்லையில் இப்போது நிற்கும் வேம்பு, இலந்தை, வேலங்காட்டை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்துவிட்டு நடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இயற்கைத் தாவரங்களை அழித்துப் பத்து வருடம் ஆகாத நிலத்தை வெர்ரா விதி ஏற்காது. நின்ற மரமும் போய், கிரெடிட்டும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். இன்னொரு குழப்பமும் ஊரில் சுற்றுகிறது. 2023 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை கிரெடிட் வேறு, இது வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அரசுத் திட்டம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வசதியாக இருக்கிறது.

என் அபிப்பிராயம் கேட்டீர்களானால்: நாலு ஏக்கரையும் நாற்பது வருடத்துக்குக் கொடுக்க மாட்டேன். தாளில் மேலே சொன்ன ஓட்டைகளெல்லாம் அடைபட்டிருந்தால், வரப்பையும் கல் பாறையாகக் கிடக்கும் ஓர் ஏக்கரையும் மட்டும் எழுதிக் கொடுத்து, ஐந்து வருடம் அவர்கள் பேச்சைப் பார்ப்பேன். அந்த ஏக்கருக்குக் கன்று அவர்கள் தரட்டும். மற்ற மூன்றுக்கு, தமிழ்நாட்டின் வனமும் மரமும் சேர்ந்த பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33க்குக் கொண்டுபோக 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் வனத்துறை நாற்றங்காலில் கன்று கிடைக்கிறதா என்று கேளுங்கள், அதற்கு நாற்பது வருடக் கையெழுத்து வேண்டாம். அந்தக் கன்றை ஒப்பந்த நிலத்தில் மட்டும் கலக்காதீர்கள், அரசு நட்டதை அவர்கள் கணக்கில் எழுதினார்கள் என்று நாளை தணிக்கையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். வரப்போரம் புங்கன், மேட்டில் புளி, ஓடை பக்கம் நாவல். ஒடுகத்தூர் மண்ணுக்கு இந்த மூன்றும் என் கண்ணால் பார்த்துப் பிழைத்தவை. குழியை ஆடியிலேயே ஒன்றரை அடிக்கு வெட்டி வெயிலில் ஆறப் போடுங்கள், ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்த பிறகு நடலாம்.